சுவிட்ச் 2 விலை: சுங்கை சிப்புட் வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நிண்டெண்டோ சுவிட்ச் 2 என்ற கன்சோல் (வீடியோ கேம் விளையாடும் கருவி) வந்ததிலிருந்து பெற்றோரும் பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் இவை. டாலர் கணக்கு வரும் இடங்களில் ஒரு டாலர் 4 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 20 காசு என்றும், 100 யென் 2 வெள்ளி 85 காசு என்றும் வைத்திருக்கிறோம். வாங்குகிற அன்றைய நிலவரத்தைப் போட்டு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

கன்சோலின் உண்மையான விலைதான் என்ன? ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்களே.

2025 ஜூன் 5 அன்று அமெரிக்காவில் 449.99 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. நம் காசுக்கு ஏறக்குறைய 1,890 வெள்ளி. ‘மரியோ கார்ட் வேர்ல்ட்’ கேமுடன் சேர்ந்த பெட்டி அப்போது 499.99 டாலர், அதாவது 2,100 வெள்ளி. கேமைத் தனியாக வாங்கினால் 79.99 டாலர் என்பதால், சேர்த்து வாங்குவோருக்கு 30 டாலர் மிச்சம். அந்தக் கேம் எப்படியும் வேண்டும், அந்தப் பெட்டியும் இன்னும் கிடைக்கிறது என்றால் அதை எடுப்பதே லாபம்.

இது அடிப்படைக் கணக்கு மட்டுமே. ஈப்போ கடையிலோ கோலாலம்பூர் லோ யாட் மின்னணுப் பொருள் வளாகத்திலோ கேட்கும் விலையில் விநியோகஸ்தர் லாபம், வரி, கடை வாடகை எல்லாம் ஏறியிருக்கும். கடைக்காரர் இந்தக் கணக்கைவிட நூறு இருநூறு கூடுதலாகச் சொன்னால் அதில் அதிசயம் இல்லை. ஐந்நூறு கூடுதல் என்றால் அடுத்த கடையில் கேளுங்கள். மிகவும் குறைவாகச் சொன்னால் இன்னும் கவனமாகக் கேளுங்கள். அது எந்த நாட்டுச் செட் என்பதே அங்கே முதல் கேள்வி.

விலை அறிவித்தபோது ரசிகர்கள் ஏன் அப்படிக் கொதித்தார்கள்?

2025 ஏப்ரல் 2ஆம் தேதி நிண்டெண்டோ ஒரு மணி நேரம் கன்சோலைக் காட்டியது. விலையை மட்டும் அந்த நிகழ்ச்சியில் சொல்லவில்லை. முடிந்த பிறகு இணையத்தளத்தில் தேடிப்போய்ப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. கல்யாண விருந்துக்கு அழைத்துவிட்டு, கை கழுவும்போது பில்லை நீட்டியதுபோல் ஆனது. அடுத்த இரு நாள்கள் நடந்த நேரலைகளில், கேம் விளையாடிக் காட்டிக்கொண்டிருக்கும்போதே அரட்டைப் பெட்டி முழுக்க ‘விலையைக் குறை’ என்ற ஒரே வரி ஓடியது.

கோபம் கன்சோல் மேல் மட்டும் அல்ல. 449.99 டாலரைப் பலர் முணுமுணுத்துக்கொண்டே ஏற்றார்கள். கேம் விலையில்தான் வெடித்தது. 2017இல் 60 டாலராக இருந்த பெரிய நிண்டெண்டோ கேம், 2023 மே மாதம் ‘டியர்ஸ் ஆஃப் த கிங்டம்’ வந்தபோது 70 ஆனது. இரண்டே ஆண்டில் 80 தொட்டது. அடுத்தது 90 ஆகுமோ என்ற பயம்தான் அந்தக் கூச்சலுக்கு அடியில் இருந்தது. போதாக்குறைக்கு, கன்சோலின் வசதிகளைச் சுற்றிக் காட்டும் ‘வெல்கம் டூர்’ என்ற சிறு மென்பொருளுக்கும் 9.99 டாலர் வைத்தார்கள். கையேட்டைக் காசுக்கு விற்பதுபோல் பட்டதால், தொகை சிறிதானாலும் எரிச்சல் பெரிதாக இருந்தது.

அதே வாரத்தில் அமெரிக்க இறக்குமதி வரி அறிவிப்பும் வந்தது. ஏப்ரல் 9ஆம் தேதி தொடங்க இருந்த அமெரிக்க முன்பதிவு 24ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. விலை இன்னும் ஏறுமோ என்று இரண்டு வாரம் எல்லோரும் காத்திருந்ததில் கோபம் இரட்டிப்பானது.

கத்தியவர்களேதான் வரிசையில் நின்று வாங்கினார்களாமே?

முதல் 4 நாளில் உலகம் முழுக்க 35 லட்சத்துக்கு மேல் விற்றது. 2025 செப்டம்பர் இறுதிக்குள் ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஜப்பானில் நிண்டெண்டோவின் சொந்தத் தளத்தில் யாருக்கு விற்பது என்று தீர்மானிக்கும் குலுக்கலுக்கு மட்டும் ஏறக்குறைய 22 லட்சம் பேர் பதிந்தார்கள். அதற்கே, பழைய சுவிட்சில் 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், ஓர் ஆண்டு இணையச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை.

அரட்டையில் கத்தியவர்களும் முதல் நாள் வாங்கியவர்களும் ஒரே ஆள்கள் என்று நிரூபிக்க வழியில்லை. முதல் சில மாதம் வாங்குகிறவர்கள் எந்த விலையிலும் வாங்குவார்கள். விலை வலிக்கிறவர்கள் இரண்டாம் மூன்றாம் ஆண்டில்தான் கடைக்கு வருவார்கள். கோபத்துக்குப் பலன் இருந்ததா என்பது அப்போதுதான் தெரியும்.

முன்பு எப்போதாவது ரசிகர் கோபத்தால் விலை இறங்கியிருக்கிறதா?

கோபத்தால் இறங்குவதில்லை. வாங்காமல் இருந்தால் இறங்கும். நல்ல எடுத்துக்காட்டு நிண்டெண்டோவின் கையடக்கக் கன்சோலான 3டிஎஸ். 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 249.99 டாலருக்கு வந்தது. விற்பனை படுத்துவிட, ஆகஸ்டிலேயே 169.99 ஆக்கினார்கள். முதலில் வாங்கி ஏமாந்தவர்களுக்குச் சமாதானமாக 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். தலைவர் சத்தோரு இவாத்தா தம் சம்பளத்தில் பாதியைக் குறைத்துக்கொண்டார்.

கேம் விலையிலும் ஒரு சம்பவம் உண்டு. 2025இல் மைக்ரோசாஃப்ட் தன் கேம்களுக்கும் 80 டாலர் என்றது. ‘தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2’ அந்த விலையில் முன்பதிவுக்கு வந்த பிறகு, ஜூலை மாதம் 69.99க்கு இறக்கிவிட்டார்கள்.

அப்படியானால் ஓராண்டு காத்திருந்தால் குறையுமா?

அந்தக் காலம் போய்விட்டது. முன்பெல்லாம் சில்லு தயாரிப்பு ஆண்டுதோறும் மலிந்தது, அதனால் கன்சோலும் மலிந்தது. இப்போது நேர்மாறு. பழைய சுவிட்ச் 2017 மார்ச்சில் 299.99 டாலர். எட்டு ஆண்டு அதே விலையில் நின்றுவிட்டு, 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் 339.99 ஆக ஏறியது. அதே மாதம் சோனியின் பிஎஸ் 5 கன்சோலும் அங்கே 50 டாலர் ஏறியது. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் அந்த ஒரே ஆண்டில் இரண்டு முறை ஏறியது. 2025 இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் மெமரி சில்லுகளை அள்ளிக்கொண்டதில் அவற்றின் விலையும் கூடியது.

ஆகவே விலைக் குறைப்புக்காகக் காத்திருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. தீபாவளி, ஆண்டிறுதி விற்பனைகளில் கேமோ உறையோ சேர்த்துத் தருவார்கள். அதற்காகக் காத்திருக்கலாம்.

ஒரு கேமுக்கு 336 வெள்ளியா? இது அநியாயம் இல்லையா?

அமெரிக்கச் சம்பளத்தில் பார்த்தால் வாதாட இடம் உண்டு. 1990களில் நிண்டெண்டோ 64 என்ற பழைய கன்சோலின் கார்ட்ரிட்ஜ்கள் (கேம் பதிந்த, கன்சோலில் செருகும் துண்டுகள்) சில அங்கே 70, 80 டாலருக்கு விற்றன. விலைவாசி ஏறியதைச் சேர்த்தால் இன்றைய 80 அன்றையதைவிடக் குறைவுதான். இங்கே அந்த வாதம் எடுபடாது. நம் நாட்டுக் குறைந்தபட்சச் சம்பளம் 2025இல் 1,700 வெள்ளி ஆனது. ஒரு மரியோ கார்ட் அதில் ஐந்தில் ஒரு பங்கு. கன்சோல் ஒரு மாதச் சம்பளத்தையும் தாண்டுகிறது.

இதைத் தாங்கிக்கொள்ள ஒரு வழி கார்ட்ரிட்ஜை மறுபடி விற்பது. நிண்டெண்டோவின் சொந்தக் கேம்கள் விலை இறங்குவது அபூர்வம். அதனால் பழைய கார்ட்ரிட்ஜுக்கும் நல்ல விலை கிடைக்கும். 300க்கு வாங்கி, முடித்துவிட்டு 220க்கு விற்றால் அந்தக் கேம் உங்களுக்கு 80 வெள்ளி. டிஜிட்டலாக வாங்கியதை இப்படி விற்க முடியாது. உறையையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். பெட்டி இல்லாத கார்ட்ரிட்ஜுக்கு விலை குறையும்.

ஜப்பான் செட் 500 வெள்ளி மலிவு என்கிறார்களே, எடுக்கலாமா?

பெரும்பாலானோருக்கு வேண்டாம். ஜப்பானில் இரண்டு வகை உண்டு. 2025இல் வெளியானபோது ஜப்பானிய மொழி மட்டும் உள்ளது 49,980 யென், ஏறக்குறைய 1,425 வெள்ளி. பல மொழி உள்ளது 69,980 யென், ஏறக்குறைய 1,995 வெள்ளி. மலிவாகக் கிடைப்பது முதல் வகை. அதில் கன்சோலின் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே வரும். நாடு ‘ஜப்பான்’ என்று பதிந்த நிண்டெண்டோ அகவுண்டை மட்டுமே அதில் இணைக்க முடியும்.

பலர் மாட்டுவது அதற்கும் அடுத்த படியில். 2025 மார்ச் 25 முதல் நிண்டெண்டோவின் இணையக் கடையான ஈஷாப்பின் ஜப்பான் பிரிவில் வெளிநாட்டில் கொடுத்த கிரெடிட் கார்டும் பேபாலும் செல்லாது. ஒவ்வொரு டிஜிட்டல் கேமுக்கும் சந்தாவுக்கும் யென் பிரீபெய்ட் கார்டு தேடி வாங்க வேண்டும். அதை விற்பவர் தம் லாபத்தையும் ஏற்றியிருப்பார். ஐந்நூறு வெள்ளி மிச்சம் அப்படியே கரைந்துபோகும். கார்ட்ரிட்ஜ் மட்டும் வாங்கி, ஜப்பானிய மொழியும் படிக்கத் தெரிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையிலேயே இயக்கச் சொல்லி, மொழிப் பட்டியலில் ஆங்கிலம் இருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை நம்ப வேண்டாம்.

மலேசியா செட், இம்போர்ட் செட் வித்தியாசம் என்ன?

விளையாடுவதில் வித்தியாசம் இல்லை. கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கினாலும் ஓடும். சார்ஜரும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும், நம் சுவருக்கேற்ற மூன்று முனை அடாப்டர் மட்டும் தேவை. வித்தியாசம் வாரண்டியில். இம்போர்ட் செட்டுக்குக் கடைக்காரர் கொடுக்கும் ‘கடை வாரண்டி’ அந்தக் கடை இருக்கும்வரைதான். எத்தனை மாதம், திரைக்கும் கன்ட்ரோலருக்கும் உண்டா, கடையில் சரிசெய்வார்களா வெளியே அனுப்புவார்களா என்று ரசீதில் எழுதி வாங்குங்கள். வாய்வார்த்தைக்கு அங்கே மதிப்பில்லை.

பிஎஸ் 5 வாங்குகிறவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு: அங்கே கூடுதல் உள்ளடக்கம் டிஸ்க்கின் வட்டாரத்தோடு ஒத்துப்போக வேண்டும், அகவுண்டின் நாட்டைப் பிறகு மாற்றவும் முடியாது. ஆசிய அகவுண்டு வைத்திருப்பவர் அமெரிக்க டிஸ்க்கை வாங்கித் தொல்லைப்பட வேண்டாம்.

கன்சோல் வாங்கினால் போதுமா, இன்னும் என்னென்ன வாங்க வேண்டும்?

பெட்டிக்குள் கன்சோல், இரு ஜாய்கான் 2 கன்ட்ரோலர்கள், அவற்றுக்கான பிடி, டாக் (கன்சோலை டிவியோடு இணைக்கும் தாங்கி), சார்ஜர், டிவிக்கான எச்டிஎம்ஐ வயர் எல்லாம் உண்டு. கேம் இல்லை, உறை இல்லை, மெமரி கார்டு இல்லை.

வெளியீட்டு விலைப்படி முதல் ஆண்டுக் கணக்கு இப்படி வரும்: கன்சோல் 1,890, ஒரு கேம் 336, 256 ஜிபி மெமரி கார்டு வெளியீட்டின்போது 60 டாலர் விலையில் 252, இணைய விளையாட்டுச் சந்தா ஆண்டுக்கு 20 டாலர் விலையில் 84. மொத்தம் 2,562 வெள்ளி. மெமரி கார்டை உடனே வாங்க வேண்டாம். உள்ளே 256 ஜிபி இருக்கிறது, கார்ட்ரிட்ஜ் வாங்குகிறவருக்கு அது நிறைய நாள் வரும். நண்பர்களோடு இணையத்தில் விளையாடாவிட்டால் சந்தாவும் வேண்டாம்.

பழைய சுவிட்சின் சார்ஜரை டாக்கில் செருகி மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். அது 39 வாட், புதியது 60 வாட். டிவியில் படம் வராது.

வீட்டில் இருக்கும் பழைய மெமரி கார்டு ஓடுமா?

ஓடாது. சுவிட்ச் 2 கேம் பதிய ‘மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ்’ வகை மட்டுமே ஏற்கும். பழைய கார்டிலிருந்து படங்களையும் வீடியோக்களையும் நகலெடுக்கலாம், அவ்வளவுதான். எக்ஸ்பிரஸ் கார்டின் முகத்தில் ‘இஎக்ஸ்’ என்ற குறி இருக்கும். இணையத்தில் 40 வெள்ளிக்கு 1 டெராபைட் எக்ஸ்பிரஸ் என்று வந்தால் போலி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கேம் கீ கார்டு என்றால் என்ன? கடைக்காரர் சரியாகச் சொல்லவில்லை.

கார்ட்ரிட்ஜ் போலவே இருக்கும், உள்ளே கேம் இருக்காது. சாவி மட்டும் இருக்கும். செருகியவுடன் முழுக் கேமையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். முதல் முறைக்குப் பிறகு இணையம் வேண்டாம், ஆனால் விளையாடும்போதெல்லாம் கார்டு செருகியிருக்க வேண்டும். மறுபடி விற்கலாம், அது ஒன்றுதான் நல்லது. பெட்டி முகப்பின் கீழ்ப்பகுதியில் வெள்ளைப் பட்டையில் சாவிப் படம் இருந்தால் இந்த வகை. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ இப்படி வந்தது. ‘சைபர்பங்க் 2077’ முழுதும் 64 ஜிபி கார்ட்ரிட்ஜிலேயே வந்தது.

ரசிகர்கள் இதற்கும் கொதித்தார்கள். கார்டுக்குக் காசு கொடுத்த பிறகு மெமரி இடத்துக்கும் டேட்டாவுக்கும் வேறு கொடுக்க வேண்டுமா என்பது அவர்கள் கேள்வி. தோட்டப்புறத்தில் இருப்பவருக்கு அந்தக் கேள்வி இன்னும் சரியானது.

எங்கள் தோட்டத்தில் ஃபைபர் இல்லை, போன் ஹாட்ஸ்பாட்தான். சமாளிக்க முடியுமா?

60 ஜிபி கேமை 10 எம்பிபிஎஸ் வேகத்தில் இறக்க 13 மணி நேரம் ஆகும். 30 எம்பிபிஎஸ் என்றால் நான்கரை மணி. ‘அன்லிமிடெட்’ பிளான் என்று எழுதியிருந்தாலும் ஹாட்ஸ்பாட்டுக்குத் தனி அளவு வைத்திருப்பார்கள். அந்த அளவு முடிந்தால் வேகம் நத்தை ஆகும், இறக்கம் பாதியில் நிற்கும். நின்றால் பயம் வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

முதல் நாள் ஒரு முறை இணையம் கட்டாயம் தேவை, அப்போது இறங்கும் மென்பொருள் புதுப்பிப்பு இல்லாமல் பழைய சுவிட்ச் கேம்கள் ஓடாது. தாமானில் (நகரக் குடியிருப்பில்) உறவினர் வீட்டில் ஃபைபர் இருந்தால் கன்சோலை ஓர் இரவு அங்கே விட்டு எல்லாவற்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். டாக்கில் இணைய வயர் செருகும் லேன் துளை இருக்கிறது, வைஃபையைவிட வயரில் நிலையாக வரும்.

வெளிநாட்டுத் தளத்தில் ஆர்டர் போட்டால் வரி எவ்வளவு?

500 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. பதிவுபெற்ற தளங்கள் பில்லிலேயே போட்டுவிடும், 300 வெள்ளி கேமுக்கு 30. கன்சோல் 500ஐத் தாண்டுவதால் சுங்கத்தில் தனியாகக் கணக்குப் போடுவார்கள். டிஜிட்டல் வாங்கினால் வெளிநாட்டுச் சேவைக்கான வரி 8 விழுக்காடு.

தவணையில் எடுக்கலாமா? கூட்டுப் பணம் விழுந்ததும் எடுக்கலாமா?

வட்டியில்லாத மூன்று மாதத் தவணை என்றால் நல்லது. மாதம் 1.5 விழுக்காடு கட்டணம் என்பதைத்தான் பலர் சிறிதாக நினைக்கிறார்கள். 1,900 வெள்ளிக்கு 12 மாதத்தில் 342 வெள்ளி கூடும். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, கட்டணம் முழுத் தொகைக்கே போடப்படுகிறது. உண்மை வட்டி ஆண்டுக்கு 30 விழுக்காட்டுக்கு மேல் போகும். கடனட்டை வட்டியே இதைவிடக் குறைவு.

கூட்டு, அதாவது பலர் மாதாமாதம் பணம் போட்டு முறைவைத்து எடுக்கும் சீட்டு, நம் ஊர்ப் பழக்கம்தான். ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் போய்க் கேட்க இடமில்லை. வட்டிக்கு விடும் ஆ லோங்கிடம் கன்சோலுக்காகப் போக வேண்டாம். இதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்.

பிறர் பயன்படுத்திய சுவிட்ச் 2 வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தடை. திருட்டு கேம் ஓட்டும் கார்ட்ரிட்ஜ் செருகியதால் நிண்டெண்டோ சில கன்சோல்களை நிரந்தரமாகத் தடுத்திருக்கிறது. அவை இயங்கும், ஆனால் இணையச் சேவை எதற்கும் போகாது. விற்பவர் முன்னாலேயே உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து ஈஷாப்பைத் திறங்கள். 2124-4508 என்ற பிழை வந்தால் தடை போட்ட செட், எழுந்து வந்துவிடுங்கள்.

பிறகு அமைப்பில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய் ஸ்டிக் (கட்டைவிரலால் அசைக்கும் குமிழ்) சரிபார்ப்பைத் திறங்கள். கையை எடுத்த பிறகும் புள்ளி நடுவில் நிற்காமல் நகர்ந்தால் ஸ்டிக் தேய்ந்துவிட்டது. கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் செருகிப் பாருங்கள். டாக்கில் வைத்து டிவியில் படம் வருகிறதா என்று பாருங்கள். இதற்காகவே டிவி இருக்கும் இடத்தில் சந்தியுங்கள், பசார் மாலாம் (இரவுச் சந்தை) ஓரத்தில் அல்ல. கடைசியாக, விற்பவர் தம் அகவுண்டை நீக்கி, முழுதும் அழித்துக் கொடுக்கட்டும்.

இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு கன்சோல், கேம் ஒன்றே வாங்கினால் போதுமா?

டிஜிட்டல் கேம் என்றால் குடும்பக் குழுவில் ஒருவர் மற்றவருக்கு 14 நாள் இரவல் கொடுக்கலாம். கொடுத்த காலத்தில் கொடுத்தவர் அதை விளையாட முடியாது. இரவல் கொடுக்க இரு கன்சோலையும் அருகருகே வைத்து இணைக்க வேண்டும். ஒரு குழுவில் 8 பேர்வரை சேரலாம், குடும்பச் சந்தாவும் அதே 8 பேருக்கு 35 டாலர்.

கடைக்காரர் பழுதானதைத் தந்துவிட்டு மாற்ற மறுத்தால்?

ரசீது, பெட்டி, வாட்ஸ்அப் பேச்சு மூன்றையும் வைத்துக்கொண்டு பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனுப் போடுங்கள். கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளிவரை கோரலாம், வழக்கறிஞர் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். தொழிலாக விற்காத தனியாளிடம் வாங்கியதற்கு இது உதவாது.

நம் ஊர் இடி, வெயில், பூச்சிக்குத் தாங்குமா?

மாலை மழைக்கு இடி இடிக்கத் தொடங்கினால் சுவிட்சை அணைப்பது போதாது, பிளக்கைப் பிடுங்குங்கள். லேன் வயர் செருகியிருந்தால் அதையும் எடுங்கள். மின்னல் தொலைபேசிக் கம்பி வழியாக ரவுட்டருக்கும் அங்கிருந்து டாக்குக்கும் வரும். பழைய குடியிருப்புகளில் எர்த் சரியில்லாமல் இருப்பதுண்டு, அங்கே மின்னலைத் தடுக்கும் நீட்டிப்புப் பலகைகூட முழுதாக உதவாது.

வெப்பத்துக்கு நிண்டெண்டோ சொல்லும் வரம்பு 5 முதல் 35 டிகிரி. தகரக் கூரைக்கு அடியில் நடுப்பகலில் அதைத் தாண்டிவிடும். மின்விசிறிக் காற்று டாக்கின் பின்பக்கம் படும்படி வையுங்கள், டிவி அலமாரிக்குள் அடைக்காதீர்கள். கரப்பானுக்குச் சூடான இடம் பிடிக்கும், பிஎஸ் 4 காலத்திலிருந்தே பழுதுபார்ப்பவர்கள் பவர் சப்ளைக்குள் அதன் குடும்பத்தையே பார்த்திருக்கிறார்கள். விளையாடி முடித்ததும் கன்சோலை டாக்கிலிருந்து எடுத்து, உறையில் போட்டு வைத்தால் அந்தத் தொல்லை பாதி குறையும்.

திரையில் ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தைப் பாதுகாப்பு ஸ்டிக்கர் என்று நினைத்துப் பிய்த்துவிடாதீர்கள். கண்ணாடி உடைந்தால் சிதறாமல் இருக்க அது நிறுவனமே ஒட்டியது. மேல் கண்ணாடி வேண்டுமென்றால் அதன் மீதே ஒட்டுங்கள்.